மூடிய குடுவையில் காற்றின் அழுத்தமும் வெப்பநிலையும்: வடசென்னை ஆய்வகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பருமன் மாறாத பாத்திரத்தில் அடைபட்ட வாயுவின் அழுத்தம், அதன் கெல்வின் வெப்பநிலைக்கு (செல்சியஸ் அளவோடு 273.15 கூட்டியது) நேர்விகிதத்தில் ஏறும், இறங்கும். அழுத்தத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் எப்போதும் ஒரே எண் வரவேண்டும். பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரி. ஆனால் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஒரு குடுவையை மூடி, ஐஸில் வைத்து, பிறகு கொதிநீரில் வைத்து அளந்து பாருங்கள். புள்ளிகளைக் கோடாக்கி அழுத்தம் சுழியாகும் இடம்வரை நீட்டினால், அந்தத் தனிச்சுழி வெப்பநிலை மைனஸ் 273 டிகிரி செல்சியஸ் என்று வராது. மைனஸ் 250-க்கு அருகில் எங்கேயாவது போய் நிற்கும். கருவி மட்டமானது, மாணவர் கவனம் போதாது என்று காரணம் சொல்லி நோட்டை மூடிவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி கருவி அல்ல. கடற்கரைக் காற்றோடு சேர்ந்து குடுவைக்குள் போன ஈரம். அதை வெளியேற்றக் கற்றுக்கொண்டால் மீதி வேலை சுலபம்.

விதி ஏன் இப்படி இருக்கிறது

வாயு மூலக்கூறுகள் சுவரில் மோதுவதால்தான் அழுத்தம் உண்டாகிறது. சூடு ஏறும்போது மூலக்கூறின் வேகம் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் போல ஏறுகிறது. 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸுக்குப் போனால் வேகம் சுமார் 17 சதவீதம் கூடும். வேகம் கூடினால் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கிறது: ஒவ்வொரு மோதலும் 17 சதவீதம் பலமாகிறது, மோதல்களின் எண்ணிக்கையும் 17 சதவீதம் கூடுகிறது. 1.169-ஐ 1.169-ஆல் பெருக்கினால் 1.366. அதுவேதான் 373.15-ஐ 273.15-ஆல் வகுத்தால் கிடைக்கும் எண். இரண்டு வர்க்கமூலங்கள் பெருகி முழு வெப்பநிலையாகிவிடுவதால்தான் கோடு வளையாமல் நேராக இருக்கிறது.

குளிர்ந்த நீரிலிருந்து கொதிநீருக்குப் போனால் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது என்பதைப் பிரான்ஸின் கியோம் அமோந்தோன் 1702 வாக்கிலேயே கண்டுவிட்டார். நம் பாடங்களில் இது கே-லூசாக் விதி என்று வரும். வில்லியம் தாம்சன், பின்னாளைய கெல்வின் பிரபு, தனி வெப்பநிலை அளவுகோலை முன்வைத்தது 1848-இல்.

தேவையான பொருள்கள்

250 மில்லி போரோசிலிக்கேட் உருண்டை அடிக் குடுவை ஒன்று. தட்டை அடிக் குடுவை வேண்டாம். உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் வரும்போது தட்டையான அடிதான் முதலில் விரிசல் விடும். இரண்டு துளை உள்ள ரப்பர் அடைப்பான். அதில் இரண்டு கண்ணாடிக் குழாய்: ஒன்று குடுவையின் அடிவரை போகவேண்டும், மற்றது அடைப்பானுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டரோடு நிற்கவேண்டும். இவை பாரிமுனையில் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

குழாய்களை மூடவும் திறக்கவும் குளுக்கோஸ் ஏற்றப் பயன்படும் த்ரீ-வே வால்வு இரண்டு, அழுத்தச் சென்சாரை வால்வோடு இணைக்க மெல்லிய நீட்டிப்புக் குழாய் ஒன்று, 50 மில்லி சிரிஞ்சு ஒன்று. ஸ்டான்லி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள மருந்துக் கடைகளில் கேளுங்கள். ஆய்வகத்துக்கென்று விற்கும் தடித்த ரப்பர் குழாயைவிட இது பல மடங்கு நல்லது. ஏன் என்பது பிழைகளைப் பற்றிய பகுதியில் வரும்.

அழுத்தம் அளக்க, எம்பிஎக்ஸ் 4250ஏபி என்ற சென்சாரும், அதைப் படித்து எண்ணாகக் காட்டும் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையும். ரிச்சி தெருவில் விசாரிக்கும்போது கடைசி இரண்டு எழுத்து 'ஏபி' என்று அழுத்திச் சொல்லவேண்டும். அது தனி அழுத்தம், அதாவது வெற்றிடத்தைச் சுழியாக வைத்த அழுத்தம், அளக்கும் வகை. 20 முதல் 250 கிலோபாஸ்கல் வரை காட்டும். கைபேசித் திட்டங்களுக்கு வாங்கும் பிஎம்பி 280 சென்சார் 110 கிலோபாஸ்கலோடு நின்றுவிடும். அறை வெப்பநிலையில் மூடிய குடுவை 56 டிகிரியிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

தண்ணீர் ஊற்றிய யு-குழாய் போதாதா என்று கேட்கலாம். கொதிநீரில் எழும் கூடுதல் அழுத்தம் சுமார் 23 கிலோபாஸ்கல். அதைத் தாங்கத் தண்ணீர்த் தம்பம் 2.4 மீட்டர் உயரம் வேண்டும். அதற்குள் குடுவைக் காற்று குழாய்க்குள் விரிந்து, பருமன் மாறாது என்ற நிபந்தனையே உடைந்துவிடும். பாதரசம் 175 மில்லிமீட்டரில் வேலையை முடிக்கும். ஆனால் பிள்ளைகள் இருக்கும் அறையில் அந்த நஞ்சு வேண்டாம்.

இவை தவிர: அரை டிகிரி துல்லியமுள்ள வெப்பமானி, குடுவை கழுத்துவரை மூழ்கும் ஆழமான பாத்திரம், தாங்கியும் கிளாம்பும், கட்டுக்கம்பி, நீல நிறச் சிலிக்கா ஜெல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நொறுக்கிய ஐஸ். காசிமேட்டில் மீனுக்குப் போடும் பாளம் ஐஸ் தாராளமாகப் போதும். ஆனால் மீன்பெட்டிக்குப் போய்வந்த ஐஸில் உப்பு இருக்கும், கழுவிவிட்டு நொறுக்குங்கள். ஐஸோடு சேர்க்கும் தண்ணீர் கேன் தண்ணீராக இருக்கட்டும். கடற்கரைப் பக்கத்துப் போர் தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருந்தால் உருகுநிலை 0.13 டிகிரி இறங்கிவிடும். கொதிக்கவைக்க அதே போர் தண்ணீரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கொதிநிலையில் அந்த உப்பு உண்டாக்கும் மாற்றம் 0.04 டிகிரிகூட இல்லை. கடல்மட்டத்தில் இருப்பது இந்த ஒரு விஷயத்தில் நமக்கு வசதி: கொதிநீர் என்றால் 100 டிகிரி என்று நம்பலாம்.

சென்சாரைச் சரிபார்த்தல்

சென்சாருக்கும் ஆர்டுயினோவுக்கும் ஒரே 5 வோல்ட் இணைப்பு கொடுங்கள். வெளிவரும் மின்னழுத்தம் கொடுத்த மின்னழுத்தத்தின் விகிதமாகவே வருவதால், யுஎஸ்பி 4.8 வோல்ட் கொடுத்தாலும் கணக்கு கெடாது. 10 பிட் பலகையில் படிக்கும் எண்ணை 1024-ஆல் வகுத்து, 0.04 கூட்டி, 0.004-ஆல் வகுத்தால் அழுத்தம் கிலோபாஸ்கலில் கிடைக்கும். சென்சாரைத் திறந்து வைத்தால் 374-ஐ ஒட்டி எண் வரவேண்டும், அது 101.3 கிலோபாஸ்கல்.

ஒரு எண் மாறினால் 0.24 கிலோபாஸ்கல். இது சற்றுக் கரடுமுரடு. 200 முறை படித்துச் சராசரி எடுங்கள்.

இந்தச் சென்சாரின் உற்பத்திப் பிழை அதிகபட்சம் 3.45 கிலோபாஸ்கல் வரை போகலாம். சிறியதுபோலத் தெரியும். ஆனால் அழுத்த அளவு முழுவதும் 1 கிலோபாஸ்கல் தள்ளிப்போனால் தனிச்சுழி 3 டிகிரி தள்ளிப்போகும், 3.45 என்றால் பத்து டிகிரிக்கு மேல். எனவே சோதனை நாளன்று வானிலைத் துறை நுங்கம்பாக்கத்துக்குச் சொல்லும் கடல்மட்ட அழுத்தத்தை எடுத்துக்கொண்டு, திறந்த சென்சார் காட்டும் அளவோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை எல்லா அளவுகளிலும் கூட்டவோ கழிக்கவோ செய்யுங்கள். ஹெக்டோபாஸ்கலில் சொல்வார்கள்; பத்தால் வகுத்தால் கிலோபாஸ்கல். மே மாதத்தில் 1005-ஐ ஒட்டியும் ஜனவரியில் 1013-ஐ ஒட்டியும் இருப்பது இங்கே வழக்கம். அதனால் போன பருவத்தில் எடுத்த திருத்தத்தை இந்தப் பருவத்துக்குப் போடாதீர்கள்.

கசிவுச் சோதனை

குடுவையை உலர்த்தும் முன்பே இதை முடித்துவிடுங்கள். அடைப்பானை இறுக்கி, கழுத்தோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். கொதிநீரில் இருக்கும்போது உள்காற்று அடைப்பானை முக்கால் கிலோ எடை அளவுக்கு வெளியே தள்ளும். கம்பி இல்லாவிட்டால் சூட்டில் இளகிய ரப்பர் மெல்ல எழும்பிவிடும்.

சிரிஞ்சால் 10 மில்லி காற்றை உள்ளே தள்ளி வால்வை மூடுங்கள். அழுத்தம் 4 கிலோபாஸ்கல், அதாவது ஏறக்குறைய 16 எண், ஏறவேண்டும். தள்ளிய வேகத்தில் உண்டான சூடு தணிய முதல் அரை நிமிடத்தில் சற்று இறங்குவது இயல்பு. அதன்பின் பத்து நிமிடத்தில் இரண்டு எண்ணுக்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கண்ணாடிக் குழாய் ரப்பருக்குள் நுழையும் இடம்தான் பெரும்பாலும் காரணம்.

உலர்த்துதல்: இங்கேதான் சோதனை பிழைக்கிறது அல்லது கெடுகிறது

30 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் குடுவைக்குள் இருக்கும் 101.3 கிலோபாஸ்கலில் 3.4 நீராவியுடையது. அதை 0 டிகிரிக்குக் குளிர்வித்தால் நீராவியில் பெரும்பகுதி பனித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மிஞ்சும் நீராவியின் அழுத்தம் 0.6 மட்டுமே. 91.3 வரவேண்டிய இடத்தில் 88.8 வரும். கொதிநீரில் அத்தனை ஈரமும் மறுபடி ஆவியாகி 124.7 சரியாகவே வரும். மேல்முனை சரி, கீழ்முனை மட்டும் தாழ்ந்துவிட்டது. கோட்டின் சரிவு கூடி மைனஸ் 247-இல் வெப்பநிலை அச்சை வெட்டும். 26 டிகிரிப் பிழை, கண்ணுக்குத் தெரியாத ஈரத்தால்.

கழுவிய குடுவையில் ஒரு துளி தங்கிவிட்டால் இன்னும் மோசம். 0.05 மில்லித் துளி 250 மில்லிக்குள் முழுவதும் ஆவியானால் 100 டிகிரியில் 34 கிலோபாஸ்கல் கூடும். ஐஸ் முனைக்கும் கொதிமுனைக்கும் நடுவே நாம் அளக்க வந்த வித்தியாசமே 33 கிலோபாஸ்கல்தான்.

செய்யவேண்டியது இது. 20 மில்லி சிரிஞ்சின் வெற்றுக்கூட்டில் நீலச் சிலிக்கா ஜெல்லை நிரப்பி இருபுறமும் பஞ்சு வையுங்கள். ஜெல் இளஞ்சிவப்பாகியிருந்தால் 120 டிகிரி அடுப்பில் நீலமாகும்வரை வாட்டுங்கள். அதை அடிவரை போகும் நீளக் குழாயில் பொருத்துங்கள். குட்டைக் குழாயில் 50 மில்லி சிரிஞ்சை வால்வோடு மாட்டி, குடுவையிலிருந்து இழுத்து, வால்வைத் திருப்பி வெளியே விடுங்கள். இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஜெல் வழியாக உலர்ந்த காற்று அடியில் புகும். குடுவையின் பருமனைப்போல் ஐந்து மடங்கு காற்று கடந்துபோனால் பழைய காற்றில் ஒரு சதவீதம்கூட மிஞ்சாது, 1.25 லிட்டர், அதாவது 25 இழுப்பு. ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடியாவது எடுங்கள். வேகமாக இழுத்தால் காற்று ஜெல்லைத் தொடாமலே ஓடிவிடும்.

கண்ணாடிச் சுவரும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே இழுக்கும்போதே குடுவையை ஹேர் டிரையரால் சூடாக்கிக்கொண்டிருங்கள். முடிந்ததும் ஜெல் குழாய் மாட்டியபடியே ஆறவிடுங்கள். ஆறும்போது உள்ளே இழுபடும் காற்றும் ஜெல்லைக் கடந்தே வரும். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு, வெளிக்காற்று புகாதபடி இரண்டு வால்வையும் மூடுங்கள்.

சிலிக்கா ஜெல் கிடைக்காத பள்ளிக்கு வேறு வழி உண்டு. பனிக்காத வரையில் நீராவியும் மற்ற வாயுக்களைப்போலவே இந்த விதிக்குக் கட்டுப்படும். எனவே ஐஸையே விட்டுவிட்டு 35 முதல் 95 டிகிரிவரை மட்டும் அளந்தால் ஈரம் தொந்தரவு செய்யாது. கோட்டை நெடுந்தூரம் நீட்டவேண்டியிருப்பதால் சிறு பிழையும் பெரிதாகும். ஆனாலும் ஈரக் குடுவையை ஐஸில் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அளவெடுத்தல்

குளிரிலிருந்து சூட்டுக்குப் போங்கள். சூடான குடுவையை ஐஸில் வைத்தால் போரோசிலிக்கேட்டும் விரிசல் விடலாம்.

குடுவையைக் கிளாம்பில் பிடித்து, அடைப்பான் விளிம்புவரை ஐஸ்நீரில் அமிழ்த்துங்கள். காற்று நிரம்பிய குடுவை மேலே எழும்பப் பார்க்கும். தாங்கியின் அடியில் கனமான ஏதாவது வையுங்கள். வெப்பமானியின் குமிழ் குடுவையின் நடுமட்டத்தில் இருக்கட்டும். 20 நிமிடம் கலக்கிவிட்டு, எண் அசையாமல் நின்ற பிறகு எழுதுங்கள்.

பிறகு ஐஸை எடுத்துவிட்டு, தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சூடாக்கி, ஏறக்குறைய 15 டிகிரிக்கு ஒருமுறை அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் கலக்கி, அளவெடுங்கள். தண்ணீர் முந்திக்கொள்ளும், உள்ளே இருக்கும் காற்று பிந்தும். அடுப்பு எரியும்போதே எடுத்த அளவுகள் எல்லாமே உண்மையைவிடத் தாழ்ந்துதான் இருக்கும். கொதிநீர் அளவு முடிந்ததும் பாத்திரத்தோடு ஆறவிட்டு, இறங்கும்போது இரண்டு மூன்று இடத்தில் மறுபடி எடுங்கள்.

மூடிய குடுவையை நேரடித் தீயில் ஒருபோதும் காட்டக்கூடாது. நீர்த்தொட்டி 100 டிகிரியைத் தாண்டவிடாது. அதுதான் இந்தச் சோதனையின் பாதுகாப்பு. மூடிய தகர டப்பா, வாசனை ஸ்பிரே கேன் எதையும் இதற்குப் பதிலாக வைக்காதீர்கள்.

30 டிகிரியில் 101.3 கிலோபாஸ்கலோடு மூடியிருந்தால், 0 டிகிரியில் 91.3, 50-இல் 108.0, 70-இல் 114.7, 100-இல் 124.7 என்று வரவேண்டும். டிகிரிக்கு 0.334 ஏற்றம். கிடைமட்ட அச்சை மைனஸ் 300-இலிருந்து தொடங்கிக் கோடு வரைந்து, அழுத்தம் சுழியாகும் இடத்தைப் படியுங்கள். அளவுகோலும் பென்சிலும் போதும் என்றாலும், கணினியில் குறைந்த வர்க்க முறையில் (புள்ளிகளின் விலகல்களை வர்க்கமாக்கிக் கூட்டினால் மிகக் குறைவாக வரும் கோடு) கோடு பொருத்தினால் நம் ஆசை கோட்டை வளைக்காது.

விடை தவறினால் எங்கே பார்ப்பது

பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

மைனஸ் 250 பக்கம் வந்து, 30 டிகிரிக்குக் கீழே உள்ள புள்ளிகள் மட்டும் கோட்டுக்குக் கீழே தொங்கினால் ஈரம். சூடான முனை மேலே வளைந்து எகிறினால் உள்ளே நீர்த்துளி.

மைனஸ் 280 பக்கம் வந்தால் குழாயைப் பாருங்கள். தொட்டிக்கு வெளியே உள்ள குழாய்க் காற்று சூடாகாமலும் குளிராமலும் அறை வெப்பநிலையிலேயே நிற்கிறது. 250 மில்லிக் குடுவையோடு 5 மில்லிக் குழாய் இருந்தால் அந்த 2 சதவீதமே விடையை மைனஸ் 280-க்குத் தள்ளிவிடும். 3 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள மருத்துவக் குழாய் 30 சென்டிமீட்டருக்கு 2.1 மில்லிதான்; 6 மில்லிமீட்டர் ரப்பர் குழாய் 8.5 மில்லி. மருந்துக் கடையில் மெல்லிய குழாய் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். மிச்சப் பிழையையும் நீக்க விரும்பினால், சோதனை முடிந்த பிறகு குடுவையைத் தண்ணீரால் நிரப்பி உண்மையான பருமனை அளங்கள். 250 என்று எழுதிய குடுவை அடைப்பான்வரை அதைவிட அதிகம் பிடிக்கும்.

ஈரமும் குழாயும் எதிரெதிர்ப் பக்கம் இழுப்பதால் இரண்டும் சேர்ந்து தற்செயலாக மைனஸ் 273 வந்துவிடலாம். விடை மட்டும் சரியாக இருப்பது போதாது. புள்ளிகள் கோட்டில் உட்காரவும் வேண்டும்.

ஏறும்போது எடுத்ததும் இறங்கும்போது எடுத்ததும் ஒத்துப்போகாமல், இறங்கும் அளவுகள் தாழ்ந்திருந்தால் சூட்டில் காற்று கசிந்திருக்கிறது. அந்த அளவுகளைத் திருத்த வழியில்லை, மறுபடி செய்யவேண்டும்.

கோடு சரியாக 30 டிகிரியிலேயே அச்சை வெட்டினால், தனி அழுத்தத்துக்குப் பதில், வெளிக்காற்றுக்கு மேற்பட்டதை மட்டும் காட்டும் கேஜ் அழுத்தத்தைப் போட்டிருக்கிறீர்கள். வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கூட்டுங்கள்.

டயரிலும் சிலிண்டரிலும்

மணலி, எண்ணூர் சாலைகளில் ஓடும் டிரெய்லர் டயரில் காலையில் 30 டிகிரியில் 100 பி.எஸ்.ஐ. காற்று அடித்ததாக வைத்துக்கொள்வோம். ஓடி ஓடி உள்காற்று 70 டிகிரியானால் என்ன ஆகும்? கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் என்பதால் முதலில் வெளிக்காற்றின் 14.7 பி.எஸ்.ஐ.யைக் கூட்டவேண்டும். 114.7-ஐ 343-ஆல் பெருக்கி 303-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 129.8, மறுபடி 14.7 கழித்தால் 115. டயரின் பருமன் அவ்வளவாக மாறாததால் இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். காற்று கூடிவிட்டதே என்று சூட்டோடு 100-க்கு இறக்கிவிட்டால், மறுநாள் காலை அதே டயரில் 86 அல்லது 87-தான் இருக்கும். குறைந்த காற்றோடு சுமை ஏற்றினால் டயரின் பக்கச்சுவர் அதிகம் மடிந்து இன்னும் சூடாகும். ஆறிய டயரில்தான் காற்றை அளக்கவேண்டும் என்பது இதனால்தான்.

நைட்ரஜன் அடித்தால் சூட்டில் அழுத்தம் ஏறாது என்பது சரியல்ல. அதே விதிப்படி அதே அளவுதான் ஏறும். சிலிண்டர் நைட்ரஜன் உலர்ந்தது என்பது மட்டுமே உண்மையான வித்தியாசம். கம்ப்ரசரில் தேங்கிய தண்ணீரோடு வரும் காற்று, துளி விழுந்த நம் குடுவையைப்போல நடந்துகொள்ளும்.

வெல்டிங் பட்டறையின் ஆக்சிஜன் உருளையும் விதிக்கு உட்பட்டது. 15 டிகிரியில் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் என்றால் 45 டிகிரி வெயிலில் ஏறக்குறைய 166 ஆகும். அருகில் நிற்கும் அசிட்டிலீன் உருளைக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அதில் வாயு அசிட்டோனில் கரைந்து நிற்கிறது.

சமையல் வாயு சிலிண்டரும் அப்படித்தான், அதற்குக் காரணம் ஈரக் குடுவையில் பார்த்ததேதான்: உள்ளே திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கின்றன, சூடு ஏற ஏற மேலும் மேலும் திரவம் ஆவியாகிறது. சமையல் வாயுவில் உள்ள புரோப்பேனின் ஆவி அழுத்தம் 0 டிகிரியில் சுமார் 4.7 பார், 40 டிகிரியில் சுமார் 13.7 பார். வெறும் வாயுவாக இருந்தால் 15 சதவீதம் ஏறியிருக்கவேண்டிய இடத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு. சிலிண்டரை அடுப்புக்கு ஒட்டி வைக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள் என்று சொல்வதன் கணக்கு இது. காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியின் அம்மோனியாவும் ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் வாயுவும் இதே இனம்.

இந்த வேறுபாட்டால் கேஜைப் படிக்கும் விதமும் மாறுகிறது. வெப்பநிலை மாறாமல் ஆக்சிஜன் உருளையின் கேஜ் பாதிக்கு இறங்கினால் பாதி வாயு செலவாகிவிட்டது என்று நம்பலாம். சமையல் வாயு சிலிண்டரில் ஒரு கிலோ திரவம் மிஞ்சியிருந்தாலும் பத்துக் கிலோ இருந்தாலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றே. அதில் எவ்வளவு மிச்சம் என்று தெரியவேண்டுமானால் எடைபோட்டு, சிலிண்டரிலேயே எழுதியிருக்கும் வெற்று எடையைக் கழித்துப் பார்க்கவேண்டும்.